ராணுவத்தின் சொல்லைச் சரிபார்க்கும் ராணுவ டாக்டர்

2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் கார்லோட்டா கால், ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்தில் உள்ள யாகூபி என்ற கிராமத்துக்குப் போனார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2002 டிசம்பர் 10 அன்று, பாக்ராம் அமெரிக்க ராணுவத் தளத்தில் காவலில் இறந்துபோன திலாவர் என்ற 22 வயது டாக்ஸி டிரைவரின் வீட்டைத் தேடித்தான் அந்தப் பயணம். இயற்கையான மரணம் என்றே ராணுவம் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது. பேச்சினிடையே திலாவரின் சகோதரர் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். உடலை ஒப்படைத்தபோது கொடுத்த தாள். ஆங்கிலத்தில் இருந்ததால் வீட்டில் யாருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அது இறப்புச் சான்றிதழ். மரணத்தின் வகை என்ற இடத்தில் இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை என்று வரிசையாகக் கட்டங்கள். கொலை என்ற கட்டத்தில் குறி போடப்பட்டிருந்தது.

குறி போட்டது யார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மனித உரிமை அமைப்போ எதிர்க்கட்சியோ அல்ல. அமெரிக்க ராணுவத்தில் மேஜர் பதவியில் இருந்த ஒரு பெண் மருத்துவர். திலாவரை அடித்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்த அதே கஜானாதான் அவருக்கும் சம்பளம் கொடுத்தது. தளபதிகள் ஒன்று சொல்ல, அவர் வேறொன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

போஸ்ட்மார்ட்டம் செய்யும் டாக்டர் நமக்குப் பழக்கமானவர். நம் ஊரில் காவல் நிலையத்தில் ஒருவர் இறந்தால், உறவினர்கள் ஜி.எச். வாசலில் உட்கார்ந்து, மறு போஸ்ட்மார்ட்டம் செய்யாமல் உடலை வாங்க மாட்டோம் என்று சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அரசு டாக்டர் அரசுக்கு எதிராக எழுதுவாரா என்ற சந்தேகம்தான் அதற்கு அடிப்படை. ராணுவத்தில் அந்தச் சந்தேகம் இன்னும் பல மடங்கு. அங்கே டாக்டருக்கும் தோளில் பட்டை உண்டு, மேலதிகாரி உண்டு, கட்டளை உண்டு. இத்தனைக்கும் நடுவில் ஒருவர் சுயமாக முடிவெழுத வேண்டுமென்றால், அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் அந்த ஏற்பாடு உருவானது ஒரு விமான விபத்திலிருந்து.

1985 டிசம்பர் 12. எகிப்தின் சினாயில் அமைதிப் பணி முடித்து கென்டக்கியில் உள்ள ஃபோர்ட் கேம்ப்பெல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 248 வீரர்களோடு ஒரு டிசி-8 விமானம் கனடாவின் கேண்டர் நகரில் எரிபொருள் நிரப்ப இறங்கியது. மறுபடி கிளம்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. விமான ஊழியர்கள் 8 பேரையும் சேர்த்து 256 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு, வரவேற்பு ஏற்பாடுகளோடு குடும்பங்கள் காத்துக்கொண்டிருந்த நேரம்.

உடல்கள் டெலவேர் மாநிலத்தில் உள்ள டோவர் விமானப்படைத் தளத்துக்கு வந்தன. யார் யார் என்று அடையாளம் காண்பதற்கே ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. காரணம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்: வீரர்களின் மருத்துவக் கோப்புகளும் பல் மருத்துவக் கோப்புகளும் அதே விமானத்தில் அவர்களோடு பயணம் செய்திருந்தன. ஆளும் எரிந்தார், ஆளை அடையாளம் காட்ட வேண்டிய காகிதமும் எரிந்தது. டிஎன்ஏ கைரேகை என்ற முறையை அலெக் ஜெஃப்ரிஸ் இங்கிலாந்தில் உலகுக்குச் சொன்னதே அந்த ஆண்டுதான். அது யாருக்கும் கைகொடுக்கும் நிலையில் இல்லை.

அதன்பிறகு பல் எக்ஸ்ரேயின் நகலை வீரர் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் சேமிக்கும் பழக்கம் வந்தது. 1988-இல் ஆயுதப் படைகளுக்கென்று தனி மரண விசாரணை மருத்துவ அலுவலகம் உருவானது. 1991-இல் அதன்கீழ் டிஎன்ஏ ஆய்வுக்கூடம். அப்புறம், படையில் சேரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு சொட்டு ரத்தம் எடுத்து அட்டையில் உலர்த்திக் குளிரறையில் வைக்கும் களஞ்சியம். இன்று அங்கே லட்சக்கணக்கான அட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1990-களின் நடுவில் ஹவாயில் இருந்த இரண்டு மரைன் வீரர்கள், எங்கள் மரபணுவை எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்களோ என்று சொல்லி ரத்தம் தர மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் வரை போனது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் கேண்டருக்குப் பிறகு அந்தக் கேள்விக்குக் காது கொடுக்கும் மனநிலையில் ராணுவம் இல்லை.

அந்த அட்டை எதற்கு என்பது நமக்கும் ஒருமுறை பக்கத்திலேயே தெரிந்தது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தளபதி பிபின் ராவத் பயணம் செய்த ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது 13 பேர் அன்றே இறந்தார்கள். டெல்லிக்குப் போன பிறகும் முதலில் அடையாளம் காண முடிந்தது மூன்று பேரைத்தான். மற்றவர்களுக்காக டிஎன்ஏ சோதனை நடக்க, குடும்பங்கள் நாள்கணக்கில் காத்திருந்தன.

சரி, அலுவலகம் வந்துவிட்டது. அதிகாரம்? அது வர இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவில் சந்தேக மரணத்தை விசாரிப்பது உள்ளூர் வேலை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, பல இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் ஆளும் வேறு. ராணுவத் தளத்துக்குள் ஒருவர் இறந்தால் யார் அறுக்க வேண்டும், யார் உத்தரவிட வேண்டும் என்பதில் குழப்பம் இருந்துகொண்டே இருந்தது. தளத்தின் தளபதியின் விருப்பமும் அதில் கலந்தது. 1999-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுவந்தது. கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 1471-ஆம் பிரிவு. மரணம் இயற்கையாகத் தெரியவில்லை என்றாலோ, காரணம் புரியவில்லை என்றாலோ, குற்றம் நடந்திருக்கலாம் என்று பட்டாலோ, தொற்றுநோயோ நச்சுப்பொருளோ காரணம் என்று தோன்றினாலோ, இறந்தவர் யாரென்றே தெரியவில்லை என்றாலோ, தளபதி கேட்காவிட்டாலும் மரண விசாரணை மருத்துவர் தானாகவே இறங்கலாம். அந்த ஒரு வார்த்தையில்தான் முழுச் சட்டமும் இருக்கிறது: தானாகவே.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் மருத்துவம் முடித்து, நோயியலில் மேற்படிப்பு முடித்து, அதற்குமேல் ஓராண்டு தடயவியல் பயிற்சி முடித்தவர்கள். வெளியே ஒரு பெருநகரத்தில் இதே வேலை பார்த்தால் பிணவறையும் நீதிமன்றமுமாக வாழ்க்கை ஓடும். ராணுவத்திலோ விமான விபத்து நடந்த காட்டுக்கும் போர்முனைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். ஆனால் தினமும் போரில் இறந்தவர்கள்தான் வருவார்கள் என்று நினைத்தால் தப்பு. போர் இல்லாத காலத்தில் பெரும்பகுதி தற்கொலை, சாலை விபத்து, பயிற்சியின்போது சுருண்டு விழுந்த இளைஞர்கள். இந்தக் கடைசி வகையிலிருந்து 1987-இல் முக்கியமான ஒரு விஷயம் வெளியே வந்தது. அடிப்படைப் பயிற்சியில் திடீரென்று இறந்தவர்களை ஆராய்ந்தபோது, கறுப்பின வீரர்களில் அரிவாள் செல் மரபணுவை (ரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் மரபணு) பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றுச் சுமந்தவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து மற்றவர்களைவிட 28 மடங்கு என்று தெரிந்தது. அதுவரை அந்த மரபணு ஒன்றும் செய்யாது என்றே பாடம். வெயிலில் ஓட்டம், தண்ணீர் பற்றாக்குறை இரண்டும் சேரும்போது அது ஆளைக் கொல்லும். வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் கறாரான விதிகள் வந்த பிறகு நிலைமை மாறியது. 2016-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் அந்தக் கூடுதல் மரண ஆபத்து தென்படவில்லை.

டோவரில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். போரில் இறந்தவரின் உடல் பனிக்கட்டி நிரப்பிய அலுமினியப் பெட்டியில் வருகிறது. உள்ளே கொண்டுபோனதும் டாக்டர் தொடுவதில்லை. முதலில் வெடிகுண்டு நிபுணர்கள். வெடிக்காத குண்டின் துண்டு உடலுக்குள்ளோ உடைக்குள்ளோ இருக்கலாம். அது இல்லை என்று தெரிந்த பிறகு கைரேகை, பல், எக்ஸ்ரே. 2001 முதல் போரில் இறந்த ஒவ்வொருவருக்கும் பிரேதப் பரிசோதனை, 2004 முதல் தலை முதல் கால் வரை சிடி ஸ்கேனும். களத்தில் மெடிக், அதாவது முதலுதவி செய்யும் வீரர், போட்ட ஊசியையோ குழாயையோ கட்டையோ யாரும் கழற்றக்கூடாது என்பது விதி. காப்பாற்ற என்ன முயன்றார்கள், அது எப்படிப் போயிற்று என்பதும் ஆய்வின் ஒரு பாகம்.

எல்லாம் முடிந்ததும் உடலுக்குச் சீருடை அணிவிக்கிறார்கள். பட்டயம், ரிப்பன், தையல் எல்லாம் அளவெடுத்து வைத்ததுபோல் இருக்க வேண்டும். வெடியில் சிதைந்து யாருக்கும் காட்ட முடியாத நிலையில் உள்ள உடலைத் துணியாலும் போர்வையாலும் சுற்றி, அதன்மேல் முழுச் சீருடையை விரித்துக் குத்திவிடுகிறார்கள். மூடிய பெட்டி மூடியபடியே புதையும். திறந்து பார்க்கப் போவது யாருமில்லை என்று தெரிந்தும் அதைச் செய்கிறார்கள்.

மெடிக் போட்டதைக் கழற்றக்கூடாது என்ற விதியால் வந்த பலனுக்கு ஓர் உதாரணம், ஒரு ஊசி. நெஞ்சில் அடிபட்டு நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டால் அந்த அழுத்தமே இதயத்தை நெருக்கிச் சில நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும். வைத்தியம் எளிது: நெஞ்சின் மேல்பகுதியில் ஊசியைக் குத்திக் குழாய் வழியாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். மெடிக்குகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். டோவரில் இறந்தவர்களின் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே மருத்துவர் கர்னல் ஹார்க்கிக்கு ஒன்று உறுத்தியது. குழாய் சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறது, ஆனால் உள்ளே போய்ச் சேரவில்லை. தசையிலேயே நின்றுவிட்டது. அவரும் நோயியல் மருத்துவர்களும் சேர்ந்து 100 பேரின் ஸ்கேனில் நெஞ்சுச் சுவரின் தடிமனை அளந்தார்கள். சராசரி 5 சென்டிமீட்டருக்கு மேல். மெடிக்கின் பையில் இருந்த குழாயோ 5 சென்டிமீட்டர். அதாவது பாதிப் பேருக்கு எட்டவே எட்டாது. உடற்பயிற்சி செய்து நெஞ்சை அகலமாக்கிக்கொண்ட இளைஞர்கள் அல்லவா! 8 சென்டிமீட்டர் குழாய் 99 விழுக்காட்டினருக்குப் போதும் என்று எழுதினார்கள். பைகளில் ஊசி மாற்றப்பட்டது.

உயிரோடு இருப்பவர் பிழைத்தால் ஊசி வேலை செய்தது என்போம், இறந்தால் காயம் பெரிது என்போம். ஊசி குட்டை என்று சொல்ல, இறந்தவரின் உடலுக்குள் பார்க்கிற ஒருவர் வேண்டியிருந்தது.

இப்படிச் சேர்ந்த தகவல்களை வைத்து 2012-இல் வந்த ஓர் ஆய்வு போர்க்கள வைத்தியத்தையே திருப்பிப் போட்டது. 2001 முதல் 2011 வரை இறந்த 4,596 பேரின் கோப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். 87 விழுக்காட்டினர் மருத்துவமனை வாசலை மிதிக்கும் முன்பே இறந்திருந்தார்கள். அப்படி இறந்தவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேரின் காயம், பிழைத்திருக்கக்கூடிய காயம். அந்தக் கால்வாசியிலும் பத்தில் ஒன்பது பேர் இறந்தது ரத்தம் வடிந்துதான். கை கால்களில் என்றால் கட்டுப்போட்டு நிறுத்தலாம். இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் கழுத்திலும் எங்கே கட்டுவது? அதற்கான கருவிகளைத் தேடும் வேலைக்கு அதன்பிறகு அவசரம் கூடியது.

இதே மருத்துவர்களின் இன்னொரு ஆய்வு மேலிடத்துக்கு அவ்வளவு இனிக்கவில்லை. ஈராக்கில் மார்பிலும் தோளிலும் அடிபட்டு இறந்த மரைன்களில் 80 விழுக்காடு வரை, கவச உடையில் விலாவுக்கும் தோளுக்கும் கூடுதல் தகடு இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றது அது. 2006 ஜனவரியில் பத்திரிகையில் கசிந்த பிறகுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. நாடாளுமன்றத்தில் கேள்விகள் பறந்தன. பிணவறையிலிருந்து வந்த ஓர் எண் கொள்முதல் துறையின் மேசையில் போய் இடிப்பது இப்படித்தான்.

இங்கே ஒரு சொல்லை நிறுத்தி விளக்க வேண்டும். சான்றிதழில் மரணத்தின் காரணம் வேறு, மரணத்தின் வகை வேறு. நெஞ்சில் குண்டு பாய்ந்தது என்பது காரணம். அது விபத்தா, தற்கொலையா, இன்னொருவர் செயலா என்பது வகை. கட்டத்தில் உள்ள ஹோமிசைட் என்ற சொல்லை நாம் கொலை என்று எழுதிவிடுகிறோம், நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். ஆனால் அதன் பொருள் இன்னொரு மனிதர் கையால் நேர்ந்த சாவு என்பது மட்டுமே. குற்றமா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. அதனால்தான் எதிரியின் குண்டில் இறந்த அமெரிக்க வீரருக்கும் டோவரில் அதே கட்டத்தில்தான் குறி விழுகிறது. திலாவருக்கு விழுந்த அதே குறி. நாட்டுக்காக வீரமரணம் என்று ஊர் சொல்லும், சான்றிதழ் ஹோமிசைட் என்று சொல்லும்.

அந்த மரியாதைச் சொற்களுக்கும் மேசைமேல் கிடக்கும் உடலுக்கும் இடையே பொருத்தம் இல்லாமல் போகும்போது டாக்டருக்குச் சோதனை. பாட் டில்மன் பெரும் சம்பளத்தைத் துறந்து ராணுவத்தில் சேர்ந்த கால்பந்து நட்சத்திரம். அமெரிக்கக் கால்பந்து, நம்முடையதல்ல. 2004 ஏப்ரல் 22 அன்று அவர் இறந்தார், அதுவும் திலாவரின் அதே கோஸ்ட் மாகாணத்தில். எதிரியோடு போரிட்டு இறந்தார் என்று அறிவித்து வெள்ளி நட்சத்திரப் பதக்கமும் கொடுத்தார்கள். மே 3 அன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அஞ்சலிக் கூட்டமும் நடந்தது. ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்களுக்கு இரண்டு விஷயம் இடித்தன. சீருடையும் கவசமும் உடலோடு வரவில்லை, களத்திலேயே எரித்துவிட்டார்கள். நெற்றியில் மூன்று குண்டுத் துளைகள் மிக நெருக்கமாக இருந்தன. சொல்லப்பட்ட கதையோடு காயம் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி, ராணுவக் குற்றப் புலனாய்வுப் பிரிவை விசாரிக்கச் சொன்னார்கள். அந்தப் பிரிவு அப்போது மறுத்துவிட்டது. சொந்தப் படையின் குண்டுதான் என்பது குடும்பத்துக்கு மே கடைசியில் சொல்லப்பட்டது. மருத்துவர்கள் கேட்ட கேள்வி 2007-இல் ஆவணங்கள் வெளியானபோதுதான் பொதுவெளிக்கு வந்தது.

கேட்க முடிந்தது, கேட்டார்கள். பதில் வாங்க அவர்களிடம் அதிகாரம் இல்லை.

2003 நவம்பரில் ஈராக்கிய மேஜர் ஜெனரல் அப்த் ஹமீத் மவ்ஹூஷ் அல் காயிமில் அமெரிக்க ராணுவ விசாரணையின்போது இறந்தார். உடம்பு சரியில்லை என்றார், மயங்கினார், இயற்கை மரணம் என்றது ராணுவத்தின் செய்திக்குறிப்பு. பிரேதப் பரிசோதனை அறிக்கை வேறு மாதிரி இருந்தது: மூச்சை அடைத்ததாலும் நெஞ்சை அழுத்தியதாலும் மூச்சுத்திணறி மரணம், வகை ஹோமிசைட். அவரைத் தூங்கும் பைக்குள் திணித்து, மின்கம்பியால் சுற்றிக் கட்டி, மேலே உட்கார்ந்திருந்தார்கள். 2006-இல் ராணுவ நீதிமன்றம் அந்த விசாரணை அதிகாரி குற்றவாளி என்றது. தண்டனை: ஒரு கண்டனம், 6,000 டாலர் சம்பள இழப்பு, 60 நாள் வீடு, அலுவலகம், தேவாலயம் தவிர வேறெங்கும் போகக்கூடாது. சிறை இல்லை.

ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகள் வதைக்கப்பட்ட படங்கள் வெளியான பிறகு, 2004 ஜூனில், காவலில் இறக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் மரண விசாரணை மருத்துவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றும் பிரேதப் பரிசோதனையே பொது விதி என்றும் பாதுகாப்புத் துறை உத்தரவிட்டது. அதுவரை அது கட்டாயமாக இல்லை.

திலாவர் வழக்குக்கு வருவோம். பரிசோதனை செய்த மருத்துவர் பின்னர் சாட்சி சொன்னபோது, திலாவருடைய கால்களின் சதை கூழாகியிருந்தது என்றும் பஸ் மேலே ஏறி நசுக்கிய ஒருவரின் உடலில் இப்படிப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். நாலு நாளில் திரும்பத் திரும்ப முழங்காலுக்கு மேல் உதைத்ததன் விளைவு. திலாவர் குற்றம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. தண்டனை பெற்ற வீரர்களில் ஒருவருக்கும் சில மாதங்களுக்கு மேல் சிறை இல்லை.

டோவரில் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல் வேண்டுமா என்று குடும்பங்களைக் கேட்கிறார்கள். பெரும்பாலானவர்கள் வேண்டும் என்கிறார்கள். சிலர் படங்களையும் கேட்கிறார்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கூப்பிடலாம், மின்னஞ்சல் அனுப்பலாம். அறிக்கையில் உள்ள லத்தீன் சொற்களுக்கு விளக்கம் கேட்கத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைப்போம். ஆனால் வலித்திருக்குமா என்று கேட்டும் அழைப்பு வரும். உடனே போய்விட்டார் என்று சொல்ல முடிகிறபோது சொல்கிறார்கள். அப்படி இல்லாதபோது, இல்லை, கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்றும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

யாகூபியில் அந்தத் தாளைப் பிரித்துப் படித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று குடும்பத்துக்குச் சொன்னவர் வெளியூரிலிருந்து வந்த ஒரு நிருபர்.